டென்ஷன் வந்தால் ஊறுகாய் பாட்டிலைத் தேடுகிறேன், டாக்டர்!

கேள்வி:

எனக்கு வயது 46. கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் வருவார். வீட்டில் மாமியார், கல்லூரிக்குப் போகும் மகன், பிளஸ் டூ படிக்கும் மகள், நான் என நாலு பேர். கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் படபடப்பு, எரிச்சல். ராத்திரி இரண்டு மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறேன். மூன்று மணிக்கு விழித்துவிட்டால் அதன் பிறகு தூக்கம் வருவதில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே உப்பு, உறைப்பு தூக்கலாக இருக்க வேண்டும். பள்ளியில் ஏதாவது பிரச்சினை என்றால் வீட்டுக்கு வந்ததும் கை மிக்சர் டப்பாவுக்கோ ஊறுகாய் பாட்டிலுக்கோதான் போகிறது. ஒரு கிலோ உப்பு பாக்கெட் எங்கள் வீட்டில் ஒரு மாதம்தான் வரும். போன மாதம் வீட்டுக்கு வந்து பி.பி. பார்த்த சுகாதாரப் பணியாளர் 146/94 என்றார். உப்பு அதிகமானால் டென்ஷன் ஹார்மோன் 75 சதவீதம் கூடும் என்று மகன் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினான். அது உண்மையா? டென்ஷன் வருவதால் உப்பைத் தேடுகிறேனா, உப்பைத் தின்பதால் டென்ஷன் வருகிறதா? கார்டிசால் என்கிற அந்த ஹார்மோனுக்கு டெஸ்ட் எடுத்துப் பார்க்கவா? இந்துப்புக்கு மாறலாமா? உப்பைக் குறைத்தால் உடம்பில் தெம்பு இருக்காது என்கிறார் மாமியார்; முப்பது வருடம் தேயிலை பறித்தவர். நான் மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. தொண்டை கட்டாமல் இருக்க தினமும் அதிமதுரம் மட்டும் மெல்லுவேன்.

— ஓர் ஆசிரியை, கோத்தகிரி வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அதிமதுரத்தை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நம் மலையில் யாருமே சேர்ப்பதில்லை. குளிர், பனி, இருமல் என்று கஷாயத்திலும் போடுகிறோம், வாயிலும் அடக்கிக்கொள்கிறோம். வருடத்தில் இரண்டு மூன்று நாள் என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தினமும், வாரக்கணக்கில் என்றால் கதை வேறு. அதிமதுரம் உடம்பில் உப்பைத் தேக்கி வைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பொட்டாசியம் இறங்கினால் கை கால் சோர்ந்துபோகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். உங்கள் படபடப்பில் ஒரு பங்கு இந்த வேரிலிருந்து வரலாம். அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கார்டிசால் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே கதைதான். இந்த வாரமே பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அதிமதுரம் மெல்லுகிற விஷயத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கேட்டால் ஒழிய யாரும் சொல்வதில்லை, பல மருத்துவர்கள் கேட்பதும் இல்லை. நிறுத்திய பிறகும் அதன் வேகம் அடங்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சாயங்காலம் ஆறு மணி, பனி இறங்கியிருக்கிறது, தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் தனியாக வருகிறீர்கள். வளைவு திரும்பினால் பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை. அந்த நொடியில் உடம்பு என்ன செய்யும் என்பதைக் கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சு அடிப்பது, வாய் உலர்வது, கால் தானாகப் பின்வாங்குவது எல்லாம் அட்ரினலின் வேலை. அது நொடியில் வந்து நிமிடங்களில் போய்விடும். அதன் பின்னாலேயே இன்னொரு ஏற்பாடு மெதுவாகக் கிளம்புகிறது. மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அது சிஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதைக் கண்டதும் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது போய்ச் சேரும் இடம், இரண்டு சிறுநீரகங்களின் மேலும் குல்லா போட்டது போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள். அங்கிருந்து வருவதுதான் கார்டிசால். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, ஓடவோ நிற்கவோ உடம்புக்குச் சக்தி கொடுக்கும். உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும்.

காட்டெருமை தன் வழியில் போய்விட்டது. நீங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கிறீர்கள். இப்போது அந்தக் கார்டிசாலே மூளைக்குப் போய், போதும் நிறுத்து என்று சொல்லும். ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அதைக் கேட்டுச் சுரப்பைக் குறைக்கும். நினைவாற்றலுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸும் இந்த அடக்கும் வேலையில் பங்கெடுக்கிறது. ஏறுவது முக்கியம், ஏறியது இறங்குவது அதைவிட முக்கியம். கார்டிசால் என்றாலே விஷம் என்பது போல இப்போது பேசுகிறார்கள். அது சுத்தமாக இல்லாவிட்டால் மனிதர் உயிரோடு இருக்க முடியாது. கேடு எதில் என்றால், காட்டெருமை போன பிறகும் அது இறங்காமல் நிற்பதிலும், சின்னப் பூனைக்கே காட்டெருமைக்கு ஏறுவது போல ஏறுவதிலும்தான்.

இதில் உப்பு எங்கே வருகிறது? நம் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய வரம்புக்குள் இருந்தாக வேண்டும். உப்பான சாப்பாட்டுக்குப் பிறகு அது லேசாக ஏறினாலும் மூளையில் இதற்கென்றே இருக்கும் உணர்விகள் கண்டுபிடித்துவிடும். உடனே தாகம் எடுக்கும். வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரந்து, தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். இந்த வாசோபிரெசின் உற்பத்தியாகும் இடமும் ஹைப்போதலாமஸ்தான், அதிலும் சிஆர்எச் சுரக்கும் அதே நரம்பணுத் தொகுப்பு. அங்கிருந்து பிட்யூட்டரிக்குப் போகும் வாசோபிரெசின், ஏசிடிஎச் வெளிவருவதற்கு சிஆர்எச்சுக்குத் துணையாகத் தள்ளியும் விடும். உப்புக்குக் காவல் இருப்பவரும் ஆபத்துக்குக் காவல் இருப்பவரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், நடுவில் சுவர் கிடையாது. ஒரு வீட்டில் ஓயாமல் சத்தம் இருந்தால் அடுத்த வீட்டுக்காரர் எப்படித் தூங்குவார்?

உங்கள் மகன் காட்டிய செய்தி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வு. 2022இல் வெளிவந்தது. சுண்டெலியின் இயல்பான உணவில் உப்பு மிகக் குறைவு. அவற்றுக்கு, மனிதர்கள் இன்று வழக்கமாகத் தின்னும் அளவுக்கு ஒப்பாக உப்பை ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே அந்த எலிகளின் டென்ஷன் ஹார்மோன் கூடியிருந்தது. நீங்கள் சொன்ன 75 சதவீதம் இதிலிருந்து வந்த எண்தான். அடுத்தது, ஒரு நெருக்கடி வந்தபோது அவற்றுக்கு ஹார்மோன் ஏறிய அளவு சாதாரண உணவு தின்ற எலிகளைப் போல இரண்டு மடங்கு. மூளையில் இந்த ஹார்மோன் சங்கிலியை இயக்கும் மரபணுக்களின் வேலையும் கூடியிருந்தது. எனக்கு 75ஐ விட அந்த இரண்டு மடங்குதான் பெரிதாகப் படுகிறது. சின்னப் பூனைக்கும் காட்டெருமை அளவுக்கு ஏறுவது என்றேனே, அதுதான் இது.

ஆனால் எலிக்கு வந்த 75 சதவீதம் உங்களுக்கும் 75 சதவீதம் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எலியின் முக்கிய டென்ஷன் ஹார்மோனே வேறு, கார்ட்டிகோஸ்டிரோன். மனிதர்களிடம், உப்பு அதிகம் தின்னும் நாட்களில் சிறுநீரில் வெளியேறும் கார்டிசால் கூடுவது சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உப்பைக் குறைத்ததால் கவலையும் படபடப்பும் தீர்ந்தன என்று மனிதர்களிடம் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ரத்த அழுத்தம் குறையும் என்பது அப்படியல்ல. அது பலமுறை, பல நாடுகளில் நிரூபணமானது. ஆகவே உங்கள் 146/94க்காக உப்பைக் குறையுங்கள். மனசுக்கும் நல்லது நடந்தால் அது கூடுதலாகக் கிடைத்தது.

அடுத்து, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: டென்ஷன் உப்பைத் தேடுகிறதா, உப்பு டென்ஷனைக் கொண்டுவருகிறதா? இதற்கு வேறொரு ஆய்வு உதவும். 2011இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஊசி மூலம் உப்பு நீரைச் செலுத்தி, ரத்தச் சோடியத்தைச் சிறிது நேரத்துக்கு மட்டும் ஏற்றிவிட்டு, பிறகு அவற்றை நெருக்கடிக்கு உள்ளாக்கினார்கள். அந்த எலிகளுக்கு டென்ஷன் ஹார்மோன் குறைவாகவே ஏறியது, பதற்றமும் குறைவாக இருந்தது. எடின்பரோ முடிவுக்கு நேர் எதிராகத் தோன்றுகிறதா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. ஒரே வேளையாக உள்ளே போகும் உப்பு கொஞ்ச நேரத்துக்கு அமைதியைத் தரலாம். வாரக்கணக்கில் தொடரும் உப்பு அடித்தளத்தையே மேலே தூக்கிவிடலாம். பள்ளியிலிருந்து வந்ததும் ஊறுகாயை நக்கியவுடன் உங்களுக்குக் கிடைக்கிற ஆறுதல் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த ஆறுதலைத் தேடித் தேடியே மறுநாள் படபடப்புக்கு அடி போடுகிறீர்களோ என்பதுதான் என் சந்தேகம். உங்கள் கேள்விக்கு இரண்டுமே விடையாக இருக்கலாம், ஒன்றன் பின் ஒன்றாக.

உப்பின் மேல் இப்படியொரு ஆசை எதற்காக உடம்பில் இருக்கிறது என்று யோசித்தால் நம் ஊரிலேயே பதில் கிடைக்கும். தோடர்கள் தங்கள் எருமைகளுக்கு உப்பு நீர் கொடுப்பதை ஒரு சடங்காகவே நடத்துகிறார்கள். மலைப் புல்லில் சோடியம் மிகக் குறைவு; புல்லை மட்டும் மேயும் பிராணிக்கு உப்பு எட்டாக்கனி. கிடைக்கும்போது ஆசையோடு குடித்துச் சேர்த்துக்கொள்ளும் உடம்புதான் பிழைத்தது. நம் உடம்பும் உப்புப் பஞ்சத்துக்காக உருவானதுதான். உப்பைத் தேடும் ஆசையும், கிடைத்ததைப் பத்திரப்படுத்தும் சிறுநீரகமும் அந்தக் காலத்துச் சொத்து. கடலே இல்லாத மலை உச்சியில், எட்டு அடிக்கு ஒரு பேக்கரியும் மிக்சர் கடையும் வரும் என்று அந்தச் சிறுநீரகத்துக்கு யார் சொன்னது!

ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும். அட்ரினல் சுரப்பி பழுதாகிற அடிசன் நோயிலும் அடங்காத உப்பு ஆசை வரும். அதில் ரத்த அழுத்தம் இறங்கும், எடை குறையும், தலை சுற்றும், தோல் கறுக்கும். உங்களுக்கு அழுத்தம் ஏறியிருப்பதால் அது இல்லை என்றே நினைக்கிறேன். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அந்த அறிகுறிகள் இருந்தால் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

அதிமதுரம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அது பொருந்தும் பூட்டில் கார்டிசாலும் பொருந்தும். கார்டிசாலோ ரத்தத்தில் பல மடங்கு அதிகம். அது எல்லாப் பூட்டையும் திறந்துவிடாமல் இருக்க, சிறுநீரகம் ஒரு நொதியை வைத்திருக்கிறது. உள்ளே வரும் கார்டிசாலை அது செயலற்றதாக மாற்றிவிடும். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடும். அப்புறம் கார்டிசாலே ஆல்டோஸ்டிரோன் வேலையைச் செய்யும்: சோடியம் உள்ளே தங்கும், பொட்டாசியம் வெளியே போகும். ஒரு பக்கம் உப்பு, இன்னொரு பக்கம் அதை வெளியே விடாத வேர், மூன்றாவதாக உங்கள் டென்ஷன். மூன்றும் ஒரே இடத்தில் வந்து கூடியிருக்கின்றன. தொண்டைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஒரு பீரியடுக்கு இரண்டு மடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் தாகமே தெரியாது என்பதால் நம் ஆசிரியர்கள் பலர் காலை முதல் மாலை வரை தேநீரைத் தவிர எதையும் குடிப்பதில்லை.

ராத்திரி எழுந்திருப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். உப்புக்கும் உங்கள் மனநிலைக்கும் நடுவில் மனிதர்களிடமே தெளிவாகத் தெரிகிற பாதை இதுதான் என்பது என் எண்ணம். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், உப்பு அதிகம் தின்னும், தூக்கப் பிரச்சினையும் உள்ள 321 பேருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் 223 பேர் நாளைக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்கு வந்தார்கள். ராத்திரி சிறுநீருக்கு எழுவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 தடவையாகக் குறைந்தது. இது 2017இல் வெளியான முடிவு. மூன்று கிராம்கூட முழுசாகக் குறைக்கவில்லை, பாருங்கள்! பகலில் தின்ற உப்பை வெளியேற்ற சிறுநீரகம் ராத்திரியிலும் உழைக்கிறது, கூடவே தண்ணீரும் போகிறது. கார்டிசாலுக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. நள்ளிரவில் அடிமட்டத்தில் இருக்கும், இரண்டு மூன்று மணிக்கு மேல் ஏறத் தொடங்கும், எழுந்த அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போகும். நீங்கள் மூன்று மணிக்குப் பாத்ரூம் போய்விட்டு, அந்தக் குளிரில் திரும்பி வந்து படுக்கிறீர்கள். அதற்குள் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டது. மகள் தேர்வு, ஹெட்மாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தை, கணவர் பேருந்தில் மலை ஏறி வருவது என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். எப்படித் தூக்கம் வரும்? தூக்கம் கெட்டால் மறுநாள் சாயங்காலம் இறங்க வேண்டிய கார்டிசால் சரியாக இறங்காது. மறுபடி மிக்சர் டப்பா.

கார்டிசால் டெஸ்ட் எடுக்க வேண்டாம். ஏதோ ஒரு நேரத்தில் எடுக்கும் ஒற்றை அளவு எதையும் சொல்லாது. காலையில் எடுத்தால் ஒன்று, மாலையில் எடுத்தால் வேறு, ஊசிக்குப் பயந்தாலே ஏறும். கார்டிசால் அளவுக்கு மீறிப் போகும் குஷிங் நோய் என்று சந்தேகம் இருந்தால் அதற்கென்று தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன. முகம் உருண்டு, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறவர்களுக்குத்தான் அவை தேவை. அந்தப் பணத்துக்கு தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்கள். இரண்டில் எது கோளாறானாலும் படபடப்பு வரும். வயது 46 என்பதால் மாதவிலக்கு நிற்கும் காலத்து மாற்றங்களும் சேர்ந்திருக்கலாம். உடம்பு திடீரென்று சூடாவது, மாதக் கணக்கு தவறுவது உண்டென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ராத்திரி சிறுநீர் போவதற்கு அதுவும் காரணமாகலாம்.

ரத்த அழுத்தம் 146/94 என்பது ஒரு நாள் அளவு. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு என்று நான் இப்போது முத்திரை குத்த மாட்டேன். ஆனால் 140/90க்கு மேல் என்பதால் விட்டுவிடவும் முடியாது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் நம் மலையில் மார்கழி, தை மாதங்களில் பலருக்கும் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பேசாமல், காலைத் தரையில் ஊன்றி, வெவ்வேறு நாட்களில் நாலைந்து தடவை எடுத்து எழுதிவையுங்கள். மலை ஏறி வந்த மூச்சோடு எடுத்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சமையலறைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். உங்கள் கணக்கை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு கிலோ, நாலு பேர், முப்பது நாள். வகுத்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் வருகிறது. கழுவியும் வடித்தும் போவது கொஞ்சம் இருந்தாலும், கடையில் வாங்கும் ஊறுகாய், மிக்சர், அப்பளம், கருவாடு, வர்க்கி எதுவும் இதில் இல்லை. அதே ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வந்தால் ஆளுக்கு ஐந்து கிராம். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். எந்த மெஷினும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய உருப்படியான பரிசோதனை இது. என்னிடம் வரும் குடும்பங்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நாக்கு எதிர்க்கும், மகள் சாப்பிட மாட்டாள், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். நாக்கு குறைந்த உப்புக்குப் பழக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் சாதம் வடிக்கும்போது போடும் உப்பை மட்டும் நிறுத்துங்கள், யாருக்கும் தெரியாது. பிறகு குழம்பு, பொரியலில் கால்வாசி குறையுங்கள். மேசையிலிருந்து உப்பு ஜாடி உள்ளே போகட்டும். எலுமிச்சை, புளி, மிளகு, இஞ்சி, கொத்தமல்லி, பூண்டு தூக்கலாக இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டு பல் தட்டிப் போடுங்கள், வாசனையே பாதி வேலையைச் செய்துவிடும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுச் சமையுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை போதும், அன்றைக்குக் குழம்பில் உப்பே வேண்டாம். பாக்கெட்டில் வருவதை வாங்கும்போது பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், இரண்டரையால் பெருக்கினால் அதுதான் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. மகன் ராத்திரியில் கிளறிச் சாப்பிடும் நூடுல்ஸ் பாக்கெட்டை எடுத்து அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள், செய்தியைக் காட்டியவன்தானே!

சாயங்கால மிக்சருக்குத் தனியாக ஒரு வழி செய்ய வேண்டும், ஏனென்றால் அது வெறும் ருசி விஷயம் இல்லை. மதியம் பன்னிரண்டரைக்குக் குழந்தைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டவர், ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரும்போது நிஜமாகவே பசியோடு இருப்பார். அந்தப் பசியையே டென்ஷன் என்று நினைத்துக்கொள்கிறீர்களோ என்னவோ. காலையிலேயே மொச்சையோ அவரைக்கொட்டையோ வேகவைத்து வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் சூடாக்கி, மிளகும் எலுமிச்சையும் பிழிந்து சாப்பிடுங்கள். நம் மலையில் அவரைக்குப் பஞ்சமே இல்லை. பயறும் கீரையும் உருளைக்கிழங்கும் பொட்டாசியம் கொடுப்பவை, அது சோடியத்தை வெளியேற்ற உதவும். கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு தாராளமாகச் சாப்பிடலாம். ஊறுகாய் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கணவர் வரும்போது, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக, கோபத்தில், பாட்டிலோடு வேண்டாம்.

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு. அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. மழை கழுவிக்கொண்டே இருக்கும் மலை மண்ணில் அயோடின் குறைவாக இருக்கும் என்பதால் நமக்கு அயோடின் உப்புதான் தேவை. குறைந்த சோடியம் உப்பு என்று கடையில் விற்பது வேறு. அதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. பலருக்கு நல்லது, உலக சுகாதார நிறுவனமும் 2025இல் பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். உங்கள் ரத்தப் பரிசோதனை வந்த பிறகு மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உப்பைக் குறைத்ததும் மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் ஒரு குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறீர்கள், பள்ளியையும் பார்க்கிறீர்கள். அந்தச் சுமையை உப்பு கொண்டுவரவில்லை. மகளின் படிப்பைப் பற்றி ராத்திரி மூன்று மணிக்கு யோசிப்பதற்குப் பதிலாக ராத்திரி எட்டு மணிக்குக் கணவரிடம் போனில் பேசுங்கள்; வீட்டு வேலையில் இரண்டை மகனிடம் ஒப்படையுங்கள். அழுகை, பயம், எதிலும் பிடிப்பில்லாமை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணைக் கூப்பிடலாம். அரசின் இலவச மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம். படபடப்போடு நெஞ்சு வலி, மூச்சு முட்டல், மயக்கம் வந்தால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். வெயில் ஏறும்வரை சரிவில் நின்று கூடை நிறையக் கொழுந்து பறித்த உடம்பு அது. வேர்வையில் உப்பு போயிருக்கும், திரும்பச் சேர்க்க வேண்டியும் இருந்திருக்கும். கரும்பலகை முன் நிற்கும் உங்களுக்கு, இந்தக் குளிரில் அப்படிப் போவது மிகக் குறைவு. ஆனால் அவர் விஷயத்தில் நானும் உங்களை ஒன்று எச்சரிக்க வேண்டும். அவர் ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ, சிறுநீரை அதிகம் போகச் செய்யும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். வயதானவர்களுக்கு அந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் ரொம்ப இறங்கிப்போவது உண்டு. சோர்வு, குழப்பம், தள்ளாட்டம் என்று காட்டும். உங்களுக்கு எடுக்கும்போதே அவருக்கும் சோடியம் பார்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை அவர் தட்டில் உப்பு வழக்கம்போல இருக்கட்டும். வீட்டுக் குழம்பை உப்புக் குறைவாக வைத்து, அவருக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் கலந்து கொடுங்கள்.